டாபா கார்டன்ஸ் சந்தில் குத்திய ஊசி

டாபா கார்டன்ஸ் கடைவீதியில் இருந்த அந்தக் கட்டடத்தில் கீழே பிரியாணி ஹோட்டல், முதல் மாடியில் தோல் டாக்டரின் கிளினிக், அதற்கு மேலே லாட்ஜ். மூன்று பேரும் தங்கள் குப்பையை ஒரே மாதிரி கறுப்புப் பைகளில் கட்டிப் பின்சந்தின் ஒரே மூலையில் போட்டுவிடுவார்கள். கடைக் குப்பை அள்ளும் வண்டி காலையில் வந்து எடுத்துப்போகும். வண்டியை ஓட்டுபவன் நூக்கராஜு. பைகளைத் தூக்கி, பின்புறம் குப்பையை நசுக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் எறிபவள் பைடிதல்லி.

அன்றைக்கு ஒரு பை கனமாக இருந்தது. கிழிந்துவிடுமோ என்று அடியில் இடது கையைக் கொடுத்துத் தாங்கினாள். உள்ளங்கையில் சுருக்கென்றது. கையை இழுத்துப் பார்த்தால் துணிக் கையுறையில் மெல்லியதாக ஏதோ மின்னிக்கொண்டு நின்றது. பாம்பைக் கண்டவள்போல அதைப் பிடுங்கி எறிந்தாள். அது போய் விழுந்தது இயந்திரத்தின் வாய்க்குள். பையும் பின்னாலேயே விழுந்தது. அவள் கத்தி, நூக்கராஜு நிறுத்துவதற்குள் இரும்புத் தகடு இறங்கி எல்லாவற்றையும் கூழாக்கிவிட்டது.

கையுறையைக் கழற்றினாள். ஒரே ஒரு பொட்டு ரத்தம்.

"நல்லா பிதுக்கு அக்கா, கெட்ட ரத்தம் வெளிய வரட்டும்" என்றான் நூக்கராஜு.

சத்தம் கேட்டு வெளியே வந்த ஹோட்டல் மாஸ்டர், "பிதுக்காதம்மா, எலுமிச்சம்பழம் தேய்ச்சா போதும்" என்றார். மாடிப்படியில் நின்ற லாட்ஜ் பையன், "ஐயையோ, ஊசியா? என் மாமாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இப்படித்தான்..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பைடிதல்லிக்கு யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் பிதுக்கினாள், கொஞ்சம் எலுமிச்சை தேய்த்தாள். பிறகு நூக்கராஜு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே இருந்த லேடி டாக்டர் சின்ன வயதுக்காரி. "பிதுக்கவும் கூடாது, எலுமிச்சையும் கூடாது. ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவியிருந்தா போதும்" என்றாள். "எந்த ஊசி? யாருக்குப் போட்டது?"

"தெரியலம்மா. மெஷினுக்குள்ள போயிடுச்சு."

"தெரியலன்னா எய்ட்ஸ் கிருமி இருந்த ஊசின்னே வெச்சுக்கணும். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். ஒரு மாசம், ஒரு நாள்கூட விடாம. அப்புறம் ரத்தம் பார்ப்போம், மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தி, அதுவரை புருஷனோடு எப்படி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

பைடிதல்லி தலையை ஆட்டினாள். பாதிதான் காதில் விழுந்தது. எனக்கு நோய் வந்துவிட்டதா, வரப்போகிறதா, வரவே வராதா? மூன்றுக்கும் ஒரே மாத்திரையா?

வீட்டில் சொல்லவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரைக் குப்பியை வைத்தாள். சாப்பிட்டதெல்லாம் குமட்டியது. தலை சுற்றியது. படுக்கையை எடுத்துக்கொண்டு போய் மகள் பக்கத்தில் படுத்தாள். புருஷன் அப்பலசாமி துறைமுகத்தில் மூட்டை இறக்குபவன், வாய்த் துடுக்கு அதிகம். முதலில் கேலி பண்ணினான்.

"என்னடி, இந்த வயசுல இன்னொண்ணா? புளிப்பு மாங்கா வாங்கிட்டு வரவா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதும் அவன் சிரிப்பு நின்றது. ஒரு நாள் அரிசி எடுக்கப் போனவன் குப்பியோடு திரும்பி வந்தான்.

"இது எதுக்கு?"

"சத்து மாத்திரை மாமா."

"சத்து மாத்திரைய எதுக்குடி ஒளிச்சு வைக்கணும்? கப்பல்ல வேலை பார்த்த எங்க கூட்டாளி ஒருத்தன் இதே குப்பியைத்தான் வெச்சிருந்தான். அவன் எதுக்குத் தின்னான்னு எனக்குத் தெரியும்."

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பலசாமி திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குத்தினது குப்பை ஊசி. அப்புறம் நீ ஏன் தப்பு பண்ணினவ மாதிரி என்னைப் பார்க்கிற?" என்று மட்டும் கேட்டான். அது அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போகாமல் அந்தக் கட்டடத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"கோழி ஊசிடி! கிளினிக்குல கேட்டேன், எங்க ஊசியெல்லாம் தனி டப்பாவுல போகுதுங்கிறாங்க. லாட்ஜ்ல யாரோ சக்கரை வியாதிக்காரர் தங்கிட்டுப் போனாராம், அவர் ஊசியா இருக்கலாம்னான் ஒருத்தன். ஆனா ஹோட்டல் மாஸ்டர் இருக்காரே, அவர்தான் ஒத்துக்கிட்டார். கோழிக்குள்ள மசாலாத் தண்ணி ஏத்த ஊசி வெச்சிருக்காங்களாம். அதுல ஒண்ணைக் காணோமாம். இதோ பாரு, அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்."

காகிதத்தைப் பிரித்து நீட்டினான். பைடிதல்லி பார்த்தாள். தடிமனான ஊசி. அவள் கண்டது இதைவிட மெல்லியதா? மெல்லியதுதான் என்று தோன்றியது. கண்ணை மூடிப் பார்த்தால் இதுவேதான் என்றும் தோன்றியது. உள்ளங்கையில் வடுகூட இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

"இதுதானே? சொல்லேன், இதுதானே?"

"இருக்கலாம் மாமா."

"இருக்கலாம்னா என்ன அர்த்தம்? ஆமான்னு சொல்லு, மாத்திரைய நிறுத்திடலாம். வாந்தி எடுத்தே செத்துடப்போற."

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவன் நிம்மதியாகத் தூங்குவான். மாஸ்டர் நல்ல மனுஷர். அவள் பயத்தைப் போக்கத்தான் ஒத்துக்கொண்டாரோ? இல்லை, மாடிக்காரர்களோடு சண்டை வராமல் இருக்கவா? ஒருவேளை உண்மையாகவே இருக்குமோ? நினைக்க நினைக்கத் தலை கிறுகிறுத்தது. மாத்திரையாலா, யோசனையாலா, அதுவும் புரியவில்லை.

இருவருமாக டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கோழி ஊசியைக் கையில் வாங்கவே இல்லை. "இதேதான்னு சத்தியம் பண்ணுவீங்களா?" என்று பைடிதல்லியைக் கேட்டாள். அவள் இல்லையென்று தலையாட்டினாள். "அப்ப முழுசா சாப்பிடுங்க. குமட்டலுக்கு வேற மாத்திரை தர்றேன்."

நூக்கராஜு இதற்குள் சந்தில் ஒரு காரியம் செய்திருந்தான். யார் பை என்று தெரியாமல் இனி ஒரு பையையும் தொடமாட்டோம் என்று வண்டியை நிறுத்திவிட்டான். பைகள் குவிந்து நாறின. ஹோட்டலுக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள். குப்பை வண்டிகளுக்குப் பொறுப்பான மேஸ்திரி போனில் கத்தினார்.

"குப்பைய அள்ளத்தானேடா சம்பளம்?"

"அள்ளத்தான் அண்ணா. குத்து வாங்க இல்ல. நீங்க ஒரு தடவை வந்து தூக்கிப் பாருங்க, அப்புறம் நாங்க தூக்கறோம்."

மேஸ்திரி வரவில்லை. ஆனால் தடித்த ரப்பர் கையுறைகள் வந்தன. கட்டடத்துக்காரர் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு நிறத்தில் தொட்டி வாங்கி வைத்தார். ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி ஆகியவற்றுக்குத் தனியாக மூடி போட்ட கெட்டி டப்பா ஒன்றும் வந்தது. அதை மூன்று பேரும் பயன்படுத்தினார்கள். தங்கள் ஊசிகளை ஏற்கெனவே தனி டப்பாவில் போடுவதாகச் சொன்ன கிளினிக்கும்தான். அதைக் கவனித்த பைடிதல்லிக்கு மறுபடி குழப்பம். கேட்கலாமா என்று நினைத்து, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். இப்போது பையின் கழுத்தைப் பிடித்து உடம்பில் படாமல் தூக்குகிறாள். அடியில் கை கொடுப்பதே இல்லை, கிழிந்தால் கிழியட்டும்.

மாத்திரை முடிந்து பார்த்த ரத்தத்தில் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததிலும் இல்லை.

"எல்லாம் சுத்தமா இருக்கு, இனிமே வர வேண்டாம்" என்றாள் டாக்டர்.

"அப்ப அந்த ஊசியில நோய் இருந்து மாத்திரை காப்பாத்துச்சா, இல்ல முதல்லயே ஒண்ணும் இல்லையாம்மா?"

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை அவள் கையில் கொடுத்தாள். "அது எனக்கும் தெரியாதும்மா."

வெளியே அப்பலசாமி நின்றிருந்தான். அவள் தாளை நீட்டியதும் படித்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் என்றும் பார்க்காமல் விசும்பினான். பைடிதல்லிக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமும் வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. கையை விரித்து உள்ளங்கையை வெயிலில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அழாதே மாமா, எல்லாரும் பார்க்கறாங்க" என்று சொல்லி, அவன் தோளைப் பிடித்து பஸ் நிற்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.