சகர் நேரத்துப் பிள்ளை

ரம்ஜான் முடிந்து பெருநாள் பிரியாணியும் செரித்துவிட்டது. மீரான் மகன் சுல்தானுக்கு மட்டும் நோன்பு முடிகிற வழியைக் காணோம்.

நோன்பு மாதம் முழுக்க, விடியுமுன் சாப்பிடும் சகர் நேரத்தில், ஊரை எழுப்பப் பக்கீர்சா கொட்டடித்துக்கொண்டு நாகல் நகர்த் தெருவில் வருவார். வீடே எழுந்திருக்கும். ஒன்றரை வயசுக்காரனும் எழுந்து, அத்தா மடியில் ஏறிச் சோற்றில் பங்கு கேட்பான். "என் மகன் இப்பவே நோன்பாளி" என்று மீரான் ஊட்டி ஊட்டி மகிழ்ந்தான். நோன்பாளி பகலிலும் ஒரு வேளை விடாமல் தின்றது வேறு விஷயம்.

இப்போது பக்கீர்சா வருவதில்லை; பையன் வருகிறான். இருட்டிலேயே எழுந்து அத்தாவின் தாடியைப் பிடித்து இழுத்து, "சோறு" என்கிறான்.

"நீங்க பழக்கினது, நீங்களே நிறுத்துங்க" என்றாள் ஜெய்தூன் பீவி. அவள் கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. "பகல் பூரா சிணுங்குறான். செத்த நேரம் அம்மியில உக்கார விடுறானா?"

மீரான் தோல் வாங்குகிறவன். விடியுமுன் சைக்கிளை மிதித்துப் போய், வடமதுரைப் பக்கத்துக் கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் சேர்த்து, மண்டியில் போட்டு உப்புத் தடவிவிட்டு வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றுதான் விதிவிலக்கு. மற்றபடி மகனோடு அவன் சிரித்துப் பேசியதெல்லாம் அந்த இருட்டு நேரத்தில்தான். இதை அவன் அப்போது யோசிக்கவில்லை. யோசனை என்று ஒன்று இருந்தால், அதையும் உப்புப் போட்டு மண்டியில் வைத்துவிட்டு வருகிற ஆள்.

திட்டம் அவனே போட்டான். விளக்கேற்றக் கூடாது, சோற்றைக் கண்ணில் காட்டக் கூடாது, முக்கியமாக அத்தா பேசவே கூடாது. ஜெய்தூன் தட்டிக்கொடுத்து உறங்க வைக்க வேண்டியது.

முதலில் பையன் தெருவுக்கே கேட்க அழுதான். "அத்தா, அத்தா" என்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். மீரான் கண்ணை இறுக மூடிக் குறட்டை விட்டான். நிஜத் தூக்கத்தில்கூட அப்படியொரு அசல் குறட்டை அவன் விட்டதில்லை. நாளாக ஆக அழுகை சிணுங்கலானது, பிறகு அதுவும் நின்றது. வெயில் வந்து எழுப்பும்வரை பிள்ளை உறங்கியது.

மண்டியில் உப்புத் தடவும் கண்ணுசாமியிடம் மீரான் பீற்றிக்கொண்டான். "இதுக்கெல்லாம் மூளை வேணும்ப்பா."

"நீ தோலு மட்டுந்தான வாங்குவ? மூளை எப்ப வாங்குன?" என்றான் கண்ணுசாமி.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து மீரான் சாப்பிட உட்கார்ந்தான். மடியைத் தட்டிக் கூப்பிட்டான். பையன் அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். வந்த விருந்தாளி எப்போது கிளம்புவார் என்பதுபோல் பார்த்துவிட்டு, கையை ஆட்டி, "டாட்டா" என்றான்.

ஜெய்தூன் சிரித்துவிட்டாள். மீரானும் சிரித்தான். தட்டில் சோறும் வெஞ்சனமும் அப்படியே இருந்தன.

மறுநாள் விடியுமுன் விளக்கை ஏற்றினான். தொண்டையைச் செருமினான். தட்டை வேண்டுமென்றே தரையில் வைத்து உருட்டினான். பையன் புரண்டு படுத்தான்.

"உங்க வைத்தியம் நல்லாத்தான் பிடிச்சிருக்கு" என்றாள் ஜெய்தூன் தூக்கக் குரலில். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். "எழுப்பி விடவா?"

அவளுடைய கண்ணுக்குழி இப்போதுதான் கொஞ்சம் தூர்ந்திருந்தது.

"வேணாம் புள்ள. தூங்கட்டும்."

தெருவில் சைக்கிளை இறக்கி, மனசு கேட்காமல் மணியை ஒரு தரம் அடித்தான். எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. பக்கத்து வீட்டில் யாரோ திட்டினார்கள். செத்த நேரம் கதவையே பார்த்து நின்றுவிட்டு, வடமதுரைக்கு மிதித்தான்.