பத்தாவது விலை

வீட்டுக்காரம்மா "சரி" என்று சொன்னதும், அவள் தான் கேட்ட விலையை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

இதற்கு முன் அவள் விலை கேட்ட ஒன்பது பேரில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஒருவர் சிரித்தார். ஒருவர் கதவைச் சாத்தினார். இன்னொருவர், "போம்மா, போய் பொம்மை வீடு வாங்கு" என்றார். இங்கேயும் அவள் அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துச் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது. வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க நினைத்து, போன வருடம் முழுக்க அறுபத்து மூன்று வீடுகள் பார்த்தாள். ஒன்றுக்கும் விலை பேச வாய் வரவில்லை. "நீ வீடு வாங்கப் போறியா, காத்து வாங்கப் போறியா?" என்று அண்ணன் கேட்டான். அன்றே எழுதி வைத்தாள்: மூன்று மாதத்துக்குள் பத்து வீடுகளுக்கு வாய் திறந்து விலை சொல்ல வேண்டும். முதலில் கூச்சம் போகட்டும், வாங்குவது அப்புறம்.

இன்று கெடுவின் கடைசி நாள். இது பத்தாவது வீடு, மாடி வீடு. கேட்ட விலை நாற்பது லட்சம். எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில், சரியாகச் சுற்றிக்கூடப் பார்க்காமல், இருபத்தெட்டு என்றிருந்தாள்.

"அம்மாவே சரின்னுட்டாங்க. அப்புறம் என்ன யோசனை?" தரகர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "முன்பணத்துக்குச் செக்கைக் கொடுங்க. நாலு மணிக்கு வேற ஒருத்தர் வர்றார்."

மணி மூன்றரை.

"இன்னொரு தடவை வீட்டைப் பாத்துக்கலாமா?"

இயல்புக்கு மிகக் கீழே ஓர் எண் வந்தால் பரிசோதனைக் கூடத்தில் யாரும் அதை நம்ப மாட்டார்கள். மறுபடி சோதிப்பார்கள். அவள் குழாய்களைத் திறந்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரம் இல்லை. கூரையில் கறை இல்லை. ஜன்னல்கள் சிணுங்காமல் திறந்தன. ஒரு குறையும் தென்படவில்லை என்பதே அவளைப் பயமுறுத்தியது. பார்த்த எழுபத்து மூன்றில் இதுதான் நல்ல வீடு. இப்போது அவளுக்கு அது வேண்டும் போலிருந்தது.

"பத்திரத்தைக் காட்டுறீங்களா?"

விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். இரண்டு அறைகள், சமையலறை, குளியலறை, பால்கனி. இரண்டாம் முறை படித்தாள். ஏறி வந்த படிக்கட்டைக் காணோம்.

"படி யாரோடது?"

வீட்டுக்காரம்மா கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவர். தெருவுக்கே கேட்கும் குரல். அது இப்போது இறங்கிவிட்டது.

"கீழ் வீட்டோடது. என் தம்பி இருக்கான். அப்பா பிரிச்சுக் கொடுத்தப்ப, நமக்குள்ள என்னன்னு எழுதாம விட்டுட்டோம். இப்ப பேசிப் பதினோரு வருஷமாச்சு."

"அட, படிதானேம்மா?" என்றார் தரகர். "ஏறுறதை யாரு தடுக்கப் போறா?"

"நாளைக்கு அவர் ஒரு கேட் போட்டா, குடி வர்றவங்க ஏணி வச்சா ஏறுவாங்க?"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். எழுந்து படியில் இறங்கினாள். "கீழ போகாதீங்கம்மா, குட்டையைக் குழப்பாதீங்க" என்று தரகர் பின்னாலேயே வந்தார். அதற்குள் அவள் கதவைத் தட்டிவிட்டாள்.

திறந்தவரின் முழங்கைவரை சோப்பு நுரை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மேல் வீட்டை வாங்கலாம்னு இருக்கேன் சார். படியில போக வர உரிமை உண்டுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"எவ்வளவுக்குக் கொடுக்கிறா?"

"இருபத்தெட்டு."

அவர் அவளைத் தாண்டி மேலே பார்த்தார். படியின் உச்சியில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார்.

"அக்கா! உனக்கு அறிவிருக்கா? இருபத்தெட்டுக்குக் கார் ஷெட் கூட வராது!"

"எனக்குப் பணமுடை. நீயா வந்து கேட்டே?"

"நீ சொன்னியா? அந்த விலைக்கு நானே வாங்கிக்குவேனே!"

"உனக்குன்னா நாற்பதுடா!"

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்களை யாரும்மா கீழ வரச் சொன்னது?"

வீடு கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது. "முப்பத்திரண்டு!" என்றாள். படிக்கட்டில் அது எதிரொலித்தது. "படியை எழுதிக் கொடுத்தா, முப்பத்திரண்டு தர்றேன்."

"முப்பத்து மூணு" என்றார் தம்பி.

"முப்பத்து நாலு."

தம்பி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "முப்பத்தஞ்சு."

மூவரும் அவளைப் பார்த்தார்கள். முப்பத்து நாலுவரைதான், சேமிப்பு போக மீதிக்கு எடுக்கும் வங்கிக் கடனை வரும் வாடகை கட்டும். அதற்கு மேல் போனால் மாதாமாதம் சம்பளத்தில் கை வைக்க வேண்டும். முப்பத்தாறு நாக்கு நுனியில் நின்றது. ஒரு வருடமாகத் திறக்க மறுத்த வாயை இப்போது மூடுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"இல்ல" என்றாள். "முப்பத்து நாலோட நான் நிறுத்திக்கிறேன்."

வீட்டுக்காரம்மா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். "முப்பத்தஞ்சு. எழுத்துல" என்றார் தம்பியிடம்.

"எழுத்துல."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீ வாயைத் திறக்கலைன்னா இருபத்தெட்டுக்கே கொடுத்திருப்பேன்மா."

அவளுக்கும் அது தெரியும். ஏறிப் போக வழியில்லாத வீடாகக் கொடுத்திருப்பார்.

"என் தரகை யாரு தருவா?" என்றார் தரகர்.

"அக்கா தம்பிக்கு நடுவுல தரகு எதுக்குய்யா?" என்று தம்பி உள்ளே போனார். அக்காவும் பின்னாலேயே போனார்.

தெருவுக்கு வந்ததும் அவள் அந்த மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை. முப்பத்தாறுன்னு சொல்லியிருக்கலாம்" என்றார் தரகர்.

"அந்த ஒரு வார்த்தைக்கு இருபது வருஷம் நான்ல வட்டி கட்டணும்?"

தரகர் கைப்பேசியை எடுத்து ஏதோ ஓர் எண்ணைத் தேடினார். "பக்கத்துத் தெருவுல ஒரு வீடு இருக்கு. இப்பவே பாக்கலாமா?"

"முதல்ல பத்திரத்தைக் காட்டுங்க" என்றாள் அவள்.