கிராம்பு குத்திய வாழைத்தண்டு

1974-ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலிருந்து மயிலாப்பூர்க் குளத்தங்கரைக் கடைகளில் விற்ற வாழைத்தண்டுகளுக்குள் மனிதர்கள் இருந்தார்கள். தண்டை யாருக்காக வாங்கினார்களோ, அவர் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அதற்குள் அடங்கியிருந்தார். கடையில் எவ்வளவு சிறிய துண்டாக வெட்டிக் கொடுத்தாலும் ஆள் குறையவில்லை. அந்த மாதம் முருங்கைக்காய் மலிவு, தக்காளி கிராக்கி. தண்டை நறுக்கும்போது வெள்ளைச் சதையில் சாம்பல் நிற வட்டங்கள் தெரிவதைப் பல வீடுகளில் கவனித்தார்கள். புதுச் சாதி வாழை போலிருக்கிறது என்று சொல்லி, வழக்கம்போல் நாரை விரலில் சுற்றி எடுத்து, வில்லைகள் கறுக்காமல் இருக்க மோரில் போட்டு, பொரியல் செய்து சாப்பிட்டார்கள். ருசியில் மாற்றம் இல்லை.

அது என்ன என்று முதலில் கண்டுகொண்டவள் சாந்தோமில் இருந்த கிளாடிஸ். விலங்கியல் பட்டதாரி. லஸ்ஸில் டாக்டர் பஞ்சாட்சரத்தின் எக்ஸ்ரே நிலையத்தில் வேலை பார்த்தாள். கூச்சக்காரி. ‘மூச்சை இழுங்க’, ‘விடுங்க’ என்பதற்கு மேல் அவள் பேசி நோயாளிகள் கேட்டதில்லை. பங்குனிக்குச் சற்று முன்பு டாக்டருக்கு லண்டனிலிருந்து வந்த பத்திரிகையில் ஒரு படம் இருந்தது. உயிரோடு இருப்பவரின் தலையை, கத்தி படாமல், குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் ஒரு புது இயந்திரம் எடுத்த படம். டாக்டர் அன்று மதியச் சாப்பாட்டை மறந்தார். முப்பது வருடமாக உடம்பை முன்னாலிருந்தே பார்த்துப் பழகியவருக்கு, குறுக்கே பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. “இந்த மெஷின் ஒருநாள் மெட்ராசுக்கு வரும், கிளாடிஸ். வந்தா நீயும் நானும் முழிக்கப்போறோம்” என்றார். கிளாடிஸ் அந்தப் படத்தை எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தாள். அந்த மெஷின் முன்னால் தான் நிற்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் வந்துவிட்டது. அவள் அதுவரை எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

கிளாடிஸின் அப்பா ஞானதாஸ் பள்ளி ஆசிரியர், சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்டவர். கல்லுக்கு வாழைத்தண்டு நல்லது என்று அம்மா ஃப்ளோரா வாங்கிவரச் சொன்னாள். கிளாடிஸ் அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டே வந்தாள். பாதித் தண்டு தாண்டியதும் கை நின்றது. நடுவே பூப்போல முதுகெலும்பு. இரு பக்கமும் இரண்டு அவரை விதைகள். இடது விதைக்குள் வெள்ளையாக ஒரு குருணை. “அப்பா, உங்க கல்லு” என்றாள். ஞானதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “வலியும் அங்கதான் வருது. சரியாத்தான் இருக்கு” என்று ஒப்புக்கொண்டு, பேப்பரை மறுபடி விரித்தார்.

அதற்குப் பின் அவள் வாங்காத தண்டில்லை. அம்மாவுக்கு ஒன்று, பங்குச் சாமியாருக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. கடைக்காரி பங்கஜம், “இன்னாம்மா, தெனமும் தண்டு வாங்கிக்கினு போற? ஏரியா முழுக்கக் கல்லா?” என்று கேட்டாள். நோயாளிகள் இல்லாத நேரத்தில் டாக்டரும் அவளும் எக்ஸ்ரே மேசைமேல் செய்தித்தாளை விரித்து வில்லைகளைப் பரப்பினார்கள். ஈரல் பெருத்து வருவதையும், ஒரே ரத்தக்குழாய் இடுப்புக்கு வந்ததும் இரண்டாகப் பிரிவதையும், வில்லை வில்லையாகப் பின்தொடர்ந்தார்கள். நாரை இழுத்தால் சிறுநீர்க்குழாய் கூடவே வந்துவிட்டதால் அதை இழுப்பதை விட்டார்கள். டாக்டர் தம் பித்தப்பையைக் குடல் என்றார். “இல்ல சார்” என்றாள் கிளாடிஸ். மறுவாரம் அவள் கணையத்தைக் குடல் என்றாள். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவளும் சத்தமாகச் சிரித்தாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வைகாசியில் தங்கபுஷ்பம் வந்தாள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அய்யாதுரையின் மனைவி. தூத்துக்குடிப் பக்கம். ஒரு வருடமாகத் தலைவலி. சமீபத்தில் நின்ற இடத்திலேயே விழத் தொடங்கியிருந்தாள். எடுத்த படங்களில் எதுவும் தெரியவில்லை. கை கால் இரு பக்கமும் ஒன்றுபோல் இயங்கியதால், தலைக்குள் ஏதாவது இருந்தாலும் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. பக்கம் தெரியாமல் திறக்கமாட்டேன் என்று அறுவை மருத்துவர் மாணிக்கவாசகம் சொல்லிவிட்டார். கிளாடிஸ் கேட்டபடி அய்யாதுரை, “தலைவலிக்குத் தண்டா?” என்று முனகிக்கொண்டே வாங்கிவந்தார். கிளாடிஸ் நறுக்கி, வீட்டில் செய்வதுபோலவே மோர்ச் சட்டியில் போட்டுக்கொண்டே வந்தாள். பிறகு தலை வில்லைகளைத் துழாவி எடுத்தாள். ஒன்றில், வலது பக்கம், மிளகளவு கட்டி தெளிவாக இருந்தது. டாக்டர் போனை எடுத்து “வலது” என்றார். கிளாடிஸ் சந்தோஷத்தில் அந்த வில்லையை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். தங்கபுஷ்பம் சட்டியைப் பார்த்தாள். “இம்புட்டையும் கொட்டவா போறிய? நல்ல தண்டுல்லா?” என்று எல்லாவற்றையும் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு போனாள். நாலு நாள் கழித்து அறுவை என்று முடிவாயிற்று.

அறுவைக்கு முந்தின மாலை ஃப்ளோரா மோர்ச் சட்டிக்குள் கைவிட்டு வில்லைகளை அலசினாள். ஞானதாஸின் கல் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குப் போயிற்று. மறுபடி அலசினாள், இடதுக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த கிளாடிஸ் எழுந்து நின்றாள். மோரில் வில்லை புரளும். புரண்டால் இடம் வலமாகும். வயிறாக இருந்தால் ஈரலைப் பார்த்துப் பக்கத்தைச் சொல்லிவிடலாம். தலையில் இரு பாதியும் ஒன்றுபோல இருக்கும். படம் எடுக்கும்போது பக்கம் காட்டும் ஈய எழுத்தை வைக்க அவள் ஒருநாளும் மறந்ததில்லை. தண்டுக்கு வைக்கவில்லை. யார் வீட்டில் தண்டுக்கு அடையாளம் வைப்பார்கள்?

பஸ் பிடித்து தி. நகர் போனாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தங்கபுஷ்பம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வில்லைகள் எங்கே என்று கேட்டாள் கிளாடிஸ்.

“எம்மா, அது அன்னைக்கே பொரியலாயிட்டுல்லா. அவுக ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவ.”

கிளாடிஸ் மறுபடி பஸ் பிடித்துக் குளத்தங்கரைக்கு ஓடினாள். பங்கஜம் சாக்கை மூடிக்கொண்டிருந்தாள். மிச்சம் ஒரே தண்டு. “யாருக்கும்மா இது?” என்று கேட்டாள். “தி. நகர் தங்கபுஷ்பத்துக்கு” என்று கிளாடிஸ் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். பக்கத்து மளிகைக் கடையில் கிராம்பு வாங்கினாள். தண்டின் ஒரு பக்கமாக, மேலிருந்து கீழ்வரை, ஒரே வரிசையாகக் கிராம்பைக் குத்தினாள். டாக்டரின் முன்னால் அதை நறுக்கினாள். இனி எந்த வில்லை எப்படிப் புரண்டாலும் கிராம்பு ஒரே பக்கம்தான். வயிற்று வில்லைகளில் கிராம்பு ஈரலை ஒட்டி இருந்தது. ஈரல் வலது பக்கம். தலை வில்லையில் கட்டி கிராம்புக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

டாக்டர் போனைச் சுழற்றி, அவள் கையில் கொடுத்தார். “கண்டுபிடிச்சது நீ. நீயே சொல்லு.”

கிளாடிஸ் சொன்னாள். “சார், அன்னிக்கு வலதுன்னது தப்பு. தப்பு என்னோடது. கட்டி இடது பக்கம்.”

“எப்படிப் பாத்தீங்கன்னு நான் கேக்கல” என்றார் மாணிக்கவாசகம். “நிச்சயமா?”

“ஈரல் கிராம்புப் பக்கம் இருக்கு சார்.”

எதிர்முனையில் பேனா எழுதும் சத்தம் கேட்டது. பிறகு “சரி” என்றார்.

மறுநாள் இடது பக்கம் திறந்தார்கள். நெல்லிக்காய் அளவு கட்டி சுலபமாக வந்தது. மொட்டைத் தலையில் கட்டோடு படுத்திருந்த தங்கபுஷ்பத்தைப் பார்க்கப் போன கிளாடிஸ், தன்னை அறியாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்று, அங்கிருந்து இடம் வலம் சரிபார்த்தாள். “ஏட்டி, கால்மாட்டுல நின்னு பாக்கியே, நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று கேட்டாள் தங்கபுஷ்பம். கிளாடிஸ் சிரித்தாள், ஆனால் நகரவில்லை. இடம் வலம் இனிக் குழம்பாமலிருக்க, எல்லோரையும் கால்மாட்டிலிருந்தே பார்ப்பது என்று அவளும் டாக்டரும் அந்த வாரமே முடிவு செய்திருந்தார்கள்.

அடுத்த வருடம் பங்கஜம் கிராம்பு குத்தியே தண்டு விற்றாள். அதற்குத் தனி விலை இல்லை. அடையாறு, மந்தைவெளிக் கடைகளிலும் அப்படியே வந்தது. தி. நகர் மனைவிமார்கள் கணவர்களின் பித்தப்பைக் கல்லைச் சமையலறையிலேயே பார்த்துவிட்டு டாக்டரிடம் அனுப்பினார்கள். ஞானதாஸின் கல் கரைந்துபோயிற்று. எழுபதுகளின் முடிவில் அந்த இயந்திரம் கப்பலில் வந்து இறங்கியது. அடையாறு ஆஸ்பத்திரி ஒன்றில் அதைப் பொருத்தியபோது முதல் படத்தின் முன் நின்றவள் கிளாடிஸ். “இது தலைமாட்டுலேர்ந்து பாக்குறதா, கால்மாட்டுலேர்ந்தா?” என்று மட்டும் கேட்டாள். பதில் வந்ததும் படத்தை மேலிருந்து கீழ்வரை படித்துக் காட்டினாள். எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று இயந்திரத்தோடு வந்த பொறியாளர் கேட்டார். மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தங்கபுஷ்பம் ஒவ்வொரு பங்குனியிலும் தனக்கென்று ஒரு தண்டு வாங்கினாள். தலை வில்லையைக் கிராம்பு பார்த்துத் திருப்பி, இடது பக்கத்தை வெளிச்சத்தில் பிடிப்பாள். கட்டி இருந்த இடத்தில் சின்னக் குழி, வேறொன்றும் இல்லை. கிராம்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, வில்லையை மோரில் போட்டு, தேங்காய் துருவ உட்காருவாள்.