பூட்டிய வீட்டுக்கு ஆறுதல்

தலைவருக்கு அரை அடி பின்னால், அவருடைய வலது காதை ஒட்டி நடப்பதுதான் என் உத்தியோகம். எதிரே வருகிற ஆள் கை கூப்புவதற்குள் அவருடைய பெயர், தொழில், வீட்டில் நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றையும் அந்தக் காதில் போட்டுவிட வேண்டும். "பேக்கரிக்காரர், பொண்ணுக்குக் கால் ஆபரேஷன்" என்று நான் முணுமுணுத்தால் போதும். "பொண்ணு இப்ப நடக்குதாய்யா?" என்று தலைவர் அவர் தோளைப் பிடித்துக்கொள்வார். பேக்கரிக்காரர் அங்கேயே உருகிப்போவார்.

தேர்தல் நெருங்கியதும் கட்சி அலுவலகத்தில் கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். தலைவரிடம் எது பிடிக்கும் என்ற கேள்விக்கு நேர்மை என்றவர்கள் கொஞ்சம் பேர், படிப்பு என்றவர்கள் அதைவிடக் குறைவு. "நம்மள ஞாபகம் வெச்சிருக்காரு" என்றவர்கள்தான் ஏராளம். அலுவலகமே கேக் வெட்டிக் கொண்டாடியது, எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். வீட்டில் சொன்னபோது என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஊர் சங்கதியெல்லாம் தலைக்குள்ள இருக்கு. சர்க்கரை வாங்கிட்டு வாங்கன்னா மட்டும் மறந்துடுது."

போன மாதம் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

உதவியாளரிடம் லீவு சொன்னதோடு சரி, தலைவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வேலைக்குப் போன அன்று, "எங்க போயிட்ட தம்பி? நீ இல்லாம வாத்தியாரைப் போய் டாக்டர்னு கூப்பிட்டுட்டேன்" என்று சிரித்தார். அவருக்கு எல்லாரும் தம்பிதான். ஏன் வரவில்லை என்று அடுத்த வார்த்தை கேட்பார் என்று நின்றேன். அதற்குள் போன் வந்துவிட்டது.

காதில் போட்டால் கேட்பார், நன்றாகவே கேட்பார். அதுதான் எனக்கு வேண்டாம். ஊருக்கெல்லாம் நான் எடுத்துக் கொடுத்த அக்கறை, எனக்கு ஒருவனுக்காவது அவராகக் காட்டக்கூடாதா? வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு இந்த வீம்புதான் துணை. இன்றைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று காத்துக்கொண்டே நடந்தேன்.

இன்று மத்தியானம் எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்தோம். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் பூட்டுத் தொங்கிய ஒரு கதவின் முன் நின்று, தலைவர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். என் வீடு.

தாண்டிப் போய்விட்டிருக்கலாம். வாய் பழக்கம் விடவில்லை. என் பெயரைச் சொன்னேன். "கட்சி வேலை பார்க்கிறவர். போன மாசம் சம்சாரம் தவறிட்டாங்க. பிள்ளைங்க இல்லை, தனியா இருக்காரு" என்றேன். என் பெயரைக் கேட்டாவது திரும்பிப் பார்ப்பார் என்றுதான் சொன்னேன்.

தலைவரின் முகம் அப்படியே வாடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, "எங்க அவரு? கூப்பிடுங்க. ரெண்டு வார்த்தை பேசாம போக மனசு வரல" என்றார்.

எதிர்வீட்டுத் தையல்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஐயா, அவருதான்..." என்று ஆரம்பித்தார். நான் கண்ணைக் காட்டினேன். பாவம், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"வேலைக்குப் போயிருக்காருங்க" என்றேன்.

தலைவர் என் கதவில் கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "சோறு தண்ணி ஒழுங்கா எடுத்துக்கச் சொல்லுங்க. தனியா கிடந்து உடம்பைக் கெடுத்துக்க வேணாம். நான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் ஒரு பெண், "ஆள் இல்லாத வீட்டுக்கும் நின்னு விசாரிக்கிறாரு பாரு, மனுஷன்னா இவரு" என்றாள்.

"மறக்காம சொல்லிடு தம்பி" என்றார் தலைவர்.

"சொல்றேங்க."

சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். அவள் படுத்திருந்த கட்டிலின் ஓரமாக உட்கார்ந்தேன்.

"தலைவர் வந்து விசாரிச்சாரு" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லச் சொன்னாரே. அவள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.