கணவாய்க்கு மேலே

மகளைத் தனியாக மலைக்கு அனுப்ப மாட்டேன் என்று அமராவதி சொன்னபோது அவள் மலையைப் பற்றி யோசிக்கவே இல்லை. சேதுவைப் பற்றித்தான் யோசித்தாள்.

சேதுவை அவள் பார்த்ததுகூட இல்லை. ரவாங்கில் ரமணி வேலை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் என்று மட்டும் தெரியும். வாரக் கடைசியில் ரமணி தோட்டத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் பாதிப் பேச்சு 'சேது சொன்னாரு' என்றுதான் தொடங்கும். பெற்றவளுக்கு அது போதாதா? இப்போது தொழிற்சாலை நண்பர்கள் சேர்ந்து குனோங் காபுட் ஏறப் போகிறார்களாம். பத்தாங் காலியைத் தாண்டிக் காட்டுக்குள் போக வேண்டுமாம். மூடுபனி மலை என்று மலாய்க்காரர்கள் வைத்த பேர். பாதி உயரத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள கணவாயில் பலகைக் குடில் ஒன்று இருக்கிறதாம். ராத்திரி அங்கே தங்கிவிட்டு மறுநாள் உச்சிக்குப் போவார்களாம்.

"ராத்திரியா?" என்றாள் அமராவதி. அவள் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான்.

"எட்டுப் பேரு போறோம்மா. அர்ஜுனண்ணன்தான் லீடர். அவருக்குக் கல்யாணமாயி மூணு புள்ளைங்க இருக்கு."

"அவருக்குக் கல்யாணம் ஆனா ஒனக்கு ஆயிருச்சா?"

 அமராவதி அடுப்பிலிருந்து திரும்பினாள். "சரி, போ. நானும் வரேன்."

கதவோரம் உட்கார்ந்து மீன் வலையை உதறிக்கொண்டிருந்த கணவர் ஐயாவு வாய்விட்டுச் சிரித்தார். கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் அது. அங்கே தரை தட்டில் ஊற்றிய மாவுபோலச் சமமாகக் கிடக்கும். மேடு என்றால் ஆற்றங்கரை மண்ணணைதான். "வாய்க்கா பாலத்துல ஏறவே ஒனக்கு மூச்சு வாங்குது. இதுல மலையாம்லா! போ, போ. பாதி வழியில திரும்பி வருவ. எதுக்கும் கொழம்ப வச்சிட்டுப் போ."

அமராவதி குழம்பை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாளைக்கு வருகிற மாதிரி.

சனிக்கிழமை விடிந்ததும் ரவாங் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்த அர்ஜுனன் தலையைச் சொறிந்தார். தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் அவர், பொறுமைசாலி. அமராவதி கைலியை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிக் கட்டி, முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். தலையில் துண்டு, காலில் வேலைக்காட்டுக்குப் போடும் ரப்பர் சப்பாத்து. நாற்பத்தெட்டு வயது. இளவயதில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கினாள்.

"அக்கா, இது பத்துமலைப் படி இல்லக்கா. வேரைப் புடிச்சி ஏறணும்."

"பால்கொடம் தூக்கிட்டுப் பத்துமலை ஏறுனவதான் தம்பி நானு. அந்தக் குடிசை வரைக்கும்தான் வரேன். அங்கயே உக்காந்துக்குறேன். உச்சி கிச்சியெல்லாம் எனக்கு வேணாம்."

அப்போது மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் முன்னால் வந்து, "வாங்க அத்தை, பையக் குடுங்க" என்று கையை நீட்டினான். அமராவதி பையை இறுக்கிக்கொண்டாள். அத்தையாம்! யாருக்கு யார் அத்தை? இவன்தான் சேது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துபோயிற்று.

மரம் ஏற்றும் லோரி ஒன்றில் ஏறிப் போனார்கள். செம்மண் பாதை முடிந்ததும் ஒற்றையடித்தடம் காட்டுக்குள் நுழைந்தது. வரிசையில் சேதுவுக்குப் பின்னால், ரமணிக்கு முன்னால், சுவர் மாதிரி புகுந்துகொண்டாள் அமராவதி. முதல் ஒரு மணி நேரம் அவன் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்தால் இவளும் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு மலை அவளுக்கு வேறு வேலை கொடுத்தது.

வழுக்கும் சேற்றில் ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுத்தது. மரவேர்கள் ஏணிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி நின்றன. ஓடையின் குறுக்கே ஒற்றை மரம் விழுந்து கிடந்தது. அதுதான் பாலம். மற்றவர்கள் அதன்மேல் நடந்தார்கள். அமராவதி குதிரைச் சவாரிபோல உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து கடந்தாள். யாரோ சிரித்தார்கள். "சிரிங்க சிரிங்க. நான் தண்ணியில நனையல, பாத்துக்கங்க" என்றாள். கணுக்காலில் அட்டை ஏறிற்று. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு நடந்தாள். நெஞ்சு உலைத்துருத்தியாக அடித்தது. சேதுவைக் கண்காணிக்க வந்தவள், கடைசியில் அவன் குதிகால் பதிந்த இடத்தைத் தேடித் தேடித் தன் காலை வைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கணவாயை எட்டியபோது மேகம் இறங்கிவிட்டது. குடில் மட்டும்தான் கண்ணில் பட்டது. பலகைச் சுவர், தகரக் கூரை, உள்ளே நீளமாக ஒரு மரத்திண்டு. நடுவில் தட்டியாகத் துணியைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள் என்று அமராவதியே பாகம் பிரித்தாள். அப்புறம் படுத்ததுதான் தெரியும். ஊரையே காவல் காக்க வந்தவள் எல்லோருக்கும் முன்னால் குறட்டை விட்டாள் என்று காலையில் ரமணி சொன்னாள்.

அந்தக் காலையில்தான் எல்லாம் மாறியது.

சேதுவால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. வாயில் ஊற்றிய தண்ணீர்கூடத் தங்கவில்லை. அமராவதி தயங்கவில்லை. அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, துண்டை நனைத்துப் போட்டு, தன் போர்வையையும் எடுத்துப் போர்த்தினாள். அர்ஜுனன் யோசித்துவிட்டு, சேது மேலே வரவேண்டாம், துணைக்குக் கூட வந்த சோமு இருக்கட்டும், மற்றவர்கள் உச்சிக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்றார்.

அமராவதி மகளின் முகத்தைப் பார்த்தாள். இவள் இங்கேயே தங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். ரமணி சேதுவின் பக்கத்தில் ஒரு நிமிடம் குந்தி உட்கார்ந்தாள். "ஓகேவா?" என்றாள். அவன் தலையை ஆட்டி, "நீ போ லா" என்றான். அவ்வளவுதான். ரமணி எழுந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். அவள் கண் வாசலுக்கு வெளியே, மேலே போய்விட்டிருந்தது. சிறு பிள்ளையாக இருந்தபோது திருவிழா மேளம் கேட்டதும் அந்த முகத்தில் வந்த அதே பரபரப்பு.

இவள் மலைக்காகத்தான் வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அமராவதிக்கு உறைத்தது. அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

அவள் வெளியே வந்து நின்றாள். காற்று மாறியிருந்தது. கணவாயில் அடைந்து கிடந்த மேகம் கிழிந்து கிழிந்து ஓடியது. ஒரு கிழிசல் வழியாக உச்சி தெரிந்தது. வெயில் முதலில் அதன்மேல்தான் பட்டிருந்தது. கறுத்த பாறை பொன் பூசினாற்போல மின்னிற்று. மறுநிமிடம் மேகம் மூடிவிட்டது. அமராவதி அது மறுபடி திறக்கும்வரை அசையாமல் நின்றாள்.

"எனக்கும் ஒரு போத்தல்ல தண்ணி ஊத்து" என்றாள்.

ரமணி விழித்தாள். "எதுக்கும்மா? சேதுதான் வரலியே. இனிமே யாரைக் காவல் காக்கப் போற?"

கேள்வி நியாயமானதுதான். சொல்வதற்குச் சாக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் அமராவதி எங்கே போனாலும் யாருக்காகவாவதுதான் போயிருக்கிறாள். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயில் என்று எல்லாமே அப்படித்தான். தனக்கென்று ஓரிடம் போக வேண்டும் என்று சொல்லிப் பழக்கமில்லாததால் நாக்கு புரளவில்லை.

"பாக்கணும்டி" என்றாள் கடைசியில். "மேல என்ன இருக்குன்னு எனக்குப் பாக்கணும்."

ரமணி போத்தலை நிரப்பினாள்.

கணவாய்க்கு மேலே காடே வேறாக இருந்தது. மரங்கள் ஆள் உயரத்துக்குக் குட்டையாகி, உடம்பெல்லாம் பாசி போர்த்து நின்றன. காலடியில் தரை மெத்தைபோல அமுங்கிற்று. குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. அமராவதி அதை ஊதி ஊதிப் பார்த்தாள். இப்போது முன்னால் சென்றது ரமணி. அவள் ஏறுவதை அமராவதி முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள். எந்த வேரை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று அவள் காலுக்கே தெரிந்திருந்தது.

பிறகு அந்தப் பாறை வந்தது. யானையின் முதுகுபோல வழவழப்பாக, சரிவாக, இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பியிருந்தது. மேலே ஒரு மரத்தில் கட்டிய கயிறு தொங்கிற்று. ரமணி ஏறிப் போய் விளிம்பில் குந்திக்கொண்டாள். அமராவதி கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்கினாள். பாதிவரை சரியாகத்தான் போனாள். அங்கே வலது கால் வழுக்கியது. முழங்கால் பாறையில் இடித்தது. அப்படியே கன்னத்தைப் பாறையில் ஒட்டவைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அக்கா, முடியலன்னா எறங்கிரலாம்க்கா" என்று கீழிருந்து அர்ஜுனன் குரல் கொடுத்தார். "நான் புடிச்சிக்குறேன். தப்பில்ல."

"அம்மா, கீழ பாக்காத."

"பாக்கலடி. கண்ண மூடிட்டு இருக்கேன்."

"கண்ணத் தொற. கண்ண மூடிட்டு ஏற முடியாது. கயித்தப் புடிச்சித் தொங்காத, அது ஒன்னத் தூக்காது. காலுதான் தூக்கும். எடது காலுக்கு நேரா மேல ஒரு பள்ளம் இருக்கு பாரு. முட்டி ஒசரம்."

அந்தக் குரலில் பயமில்லை, கெஞ்சலும் இல்லை. வேலை தெரிந்தவளின் குரல். அமராவதி கண்ணைத் திறந்தாள். பள்ளம் தெரிந்தது, கைப்பிடி அகலம்தான்.

"அக்கா, எறங்கிரலாமா?" என்றார் அர்ஜுனன் மறுபடியும்.

அமராவதிக்குக் கோபம் வந்துவிட்டது. "எறங்குறதுக்கும் காலத் தூக்கித்தானே ஆவணும் தம்பி? தூக்குறதே தூக்குறேன், மேலயே வைக்கிறேன்."

வைத்தாள். சப்பாத்து வழுக்கப் பார்த்தது. ஆனாலும் நின்றது. அடுத்த பள்ளம், அடுத்த வெடிப்பு என்று ரமணி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக ஏறி, விளிம்பில் வயிற்றைப் போட்டு, மீன் கரையேறியதுபோலப் புரண்டு விழுந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மூச்சு இரைக்கச் சிரித்தார்கள். கைலி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அமராவதி அதை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தாள்.

அதற்கு மேல் ஒரு முகடு. இதுதான் உச்சி என்று நினைத்தால், அதற்குப் பின்னால் இன்னொரு முகடு. அதன்மேல் சர்வேக்காரர்கள் நட்ட இரும்புக் கம்பம் ஒன்று. ரமணி கம்பத்துக்கு இரண்டடி முன்னால் நின்று, அம்மாவுக்கு வழி விட்டாள். அமராவதி நடந்துபோய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேலே ஏற எதுவும் இல்லை. வானம்தான் இருந்தது.

கிழக்கே மலைக்குப் பின்னால் மலையாக, பகாங் பக்கம் நீலம் மடிந்து மடிந்து போயிற்று. அவர்கள் நின்ற இடத்துக்குக் கீழே மேகம் பஞ்சுப் பொதியாகக் கிடந்தது. மேற்கே மேகமில்லை. பச்சைப் பாய் விரித்தாற்போலச் சமவெளி, அதன் ஓரத்தில் ஒரு மெல்லிய பளபளப்பு.

"அதாங்க்கா கடலு" என்றார் அர்ஜுனன். "கோலா சிலாங்கூர் அதுக்கு இந்தப் பக்கம்."

"எங்க தோட்டம்?"

"அதுக்குள்ளதான் எங்கயாவது இருக்கும்."

"எங்க லயத்து வீடு, ஆபீஸ், பெரிய தொரை பங்களா?"

"எல்லாமே அதுக்குள்ளதான்."

அமராவதி கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். விரல் நுனிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. விரலை எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, மேற்கே பார்த்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள்.

"ஓய்! ஐயாவு! நான் உச்சியில நிக்கிறேன்யா!"

ரமணி வாயைப் பிளந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கணவன் பெயரை அமராவதி வாயால் சொன்னதில்லை. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள்.

"அம்மா! அப்பா பேரச் சொல்லிட்டியே!"

"இவ்ளோ ஒசரத்துல சொன்னா அது கணக்குல வராது" என்றாள் அமராவதி. பிறகு அது உண்மையா என்று பார்க்கிறவள்போல இன்னொரு தடவை கூப்பிட்டாள். கணவாய்க்கு அந்தப் பக்கத்து மலை அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. ரமணியும் கூடச் சேர்ந்து கத்தினாள். அர்ஜுனன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அமராவதிக்குக் கண்ணில் நீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை, காற்றே துடைத்தது.

திரும்பிக் கணவாய்க்கு வந்தபோது சேது எழுந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் விட்டு, முகம் வாடியிருந்தது. வருகிறவர்களுக்காகத் தேநீர் கொதிக்க வைத்திருந்தான். "போய்ட்டு வந்துட்டீங்களா அத்தை?" என்றான். அமராவதி குவளையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

இறங்கும் வழியில், மற்றவர்கள் சற்று முன்னால் போனதும், "அந்தப் பையன் டீ நல்லாத்தான் போடறான்" என்றாள்.

"அம்மா!"

"கட்டிக்கிறதும் கட்டிக்காததும் ஒன் இஷ்டம். ஆனா யாருக்காவயும் மலைய மட்டும் விட்றாத."

ரமணி அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஓடைக்குப் பக்கத்தில் கோலாலம்பூர் மாணவர்கள் சிலர் எதிரே ஏறி வந்தார்கள். முகமெல்லாம் சிவந்து, ஒருவன் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். சேறு அப்பிய கைலியோடு வந்த அமராவதியை அவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'மக்சிக்' என்று அத்தை முறை சொல்லி, நீங்களும் உச்சிவரை போனீர்களா என்று மலாயில் கேட்டான்.

"சம்பாய்!" என்றாள் அமராவதி. போய்ச் சேர்ந்துவிட்டேன்!

மாணவர்கள் கை தட்டினார்கள். அவள் அங்கேயே ஒரு வேரின்மேல் சாவகாசமாக உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், இரண்டு கைகளையும் வீசி வீசி, மேலே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். லோரி காத்திருக்கிறதென்று அர்ஜுனன் கீழிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.