கருவி உருவாக்கும் பட்டறை

1

2025 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, காலை பத்தரை மணி. நெய்வேலி நகரியம், பதினாறாவது வட்டம். பக்கத்துக் குடியிருப்பில் வசிக்கும் இசைப்பிரியா, தான் நடத்தவிருக்கும் பட்டறையின் அறிவிப்பை ஒற்றுப் பார்த்துத் தரும்படி, தமிழ் டீச்சரான என்னிடம் நீட்டினாள். இக்கதை அங்கே பிறந்தது.

‘அறிவியல் தரவுத் தேடல் கருவி உருவாக்கும் செய்முறைப் பட்டறை. ஆகஸ்ட் 24, ஞாயிறு, நூலக அரங்கு.’

வல்லினம் மிக வேண்டிய இடமெல்லாம் மிகுந்திருந்தது. எனக்குச் சிறிது ஏமாற்றமே.

(விளக்கம்: மழை, மண், நிலத்தடி நீர், விண்மீன் பற்றிய அளவீடுகள் பல இணையதளங்களில் சிதறிக் கிடக்கின்றன. எது எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் கணினி நிரலே இங்குக் ‘கருவி’. வாசகர் இதை நினைவில் வைக்கவேண்டும்.)

2

‘சுரங்கத்தின் மேல் சூரியன் எழுந்தபோது’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். சூரியனுக்கு இக்கதையில் வேலை இல்லை.

‘இசைப்பிரியா கவலையுடன்’

இல்லை. கவலை அடுத்த வியாழக்கிழமைதான் வந்தது. அன்று பெயர் பதிந்தவர்களைப் பார்த்தாள். பாதிப்பேர் வெல்டர்கள், ஃபிட்டர்கள். நெய்வேலியில் பட்டறை என்றால் இயந்திரம் பழுதுபார்க்கும் இடம். கருவி என்றால் கையில் பிடிப்பது.

“வெல்டிங் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டியா?” என்றான், ஷிப்ட் முடிந்து வந்த அவள் கணவன் கார்முகில்.

“சிரிக்காத. ஹால் ஒரு நாள்தான். லேப்டாப் பத்துதான் கெடைச்சிருக்கு. புரோகிராம் தெரிஞ்சவங்க எடமில்லாம நிக்கிறாங்க.”

“அப்ப இவங்கள வேணாம்னு சொல்லிடு.”

“நீ சொல்லேன்.”

“நானா? தெனம் அவங்க மூஞ்சில முழிக்கிறவன் நான்.”

3

அவளே முதலில் தனகோட்டியைப் போனில் அழைத்தாள். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், கான்ட்ராக்ட் வெல்டர்.

“அண்ணே, ஒரு சின்ன விஷயம்...”

“சொல்லும்மா. ஸ்பேனர் செட்டு நாங்களே கொண்டாரணுமா, அங்கயே குடுப்பாங்களா? ஞாயித்துக்கிழம டூட்டிய மாத்திகினு இருக்கேன். வூட்ல ஒரே கிண்டல். தொர இந்த வயசுல படிக்கப் போறாராம்.”

(‘மாத்திகினு’ என்பதைத் திருத்த என் கை சென்றது. விட்டுவிட்டேன். அது அவருடைய வினையெச்சம்.)

வரவேண்டாம் என்று சொல்ல ஆயத்தம் செய்திருந்த வாக்கியத்தை இசைப்பிரியா விட்டுவிட்டாள். “இது கம்ப்யூட்டர்ல செய்யிற கருவிண்ணே. ஸ்பேனர் வேலை இல்ல,” என்று மட்டும் சொன்னாள்.

[இங்கே தனகோட்டி பெருந்தன்மையாக ஏதோ கூறுவதாக எழுதியிருந்தேன். அவர் அப்படிப் பேசுவாரா என்று ஐயம் எழுந்தது. நீக்கிவிட்டேன்.]

“இத நோட்டீஸ்லயே போட்டிருக்கலாமேம்மா,” என்றார். “வூட்ல என்னான்னு சொல்றது?”

பிறகு அவரே கேட்டார்: “அத வச்சி என்னாத்தத் தேடுவாங்க?”

“எந்த ஊர்ல தண்ணி எவ்ளோ ஆழத்துல கெடக்குன்னு அளந்து வச்சிருக்காங்க. அந்தக் கணக்கு எங்க இருக்குன்னு தேடுறது.”

“எங்க ஊருதும் இருக்குமா?”

“தெரியலண்ணே. தேடினாத்தான் தெரியும்.”

“ஓகோ,” என்றார் தனகோட்டி. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ கூறாமல் வைத்துவிட்டார்.

4

முதல் முடிவு: தனகோட்டி வந்து, ஒரே நாளில் நிரல் எழுதி, கைதட்டல் பெறுகிறார். பொய். ஒரே நாளில் எவருக்கும் அது வராது.

இரண்டாம் முடிவு: அவர் வரவில்லை. இசைப்பிரியா ஒரு காலி நாற்காலியை

வேண்டாம். அந்த நாற்காலியைப் பலர் எழுதிவிட்டார்கள்.

ஆகவே, அந்த வாரச் சனிக்கிழமை மாலை இசைப்பிரியா, கார்முகில், நான் மூவரும் கூடி முடிவு செய்தவற்றை மட்டும் பதிகிறேன். ‘பட்டறை’யை நீக்கிப் ‘பயிலரங்கு’ இடவேண்டும் என்றேன். “பயிலரங்குன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க டீச்சர்,” என்றான் கார்முகில். தோற்றேன். பட்டறை இருக்கும், ‘கணினி வழி’ என்பது முன்னால் சேரும். பதிந்த பெயர் எதுவும் நீக்கப்படாது. ஒரு லேப்டாப்புக்கு இருவர்: நிரல் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர். விண்மீன்களைத் தேடுவதாக இருந்த முதல் பயிற்சி மாற்றப்பட்டது. முத்தாண்டிக்குப்பத்தின் நீர்மட்டத்தைத் தேடுவார்கள். ஸ்பேனர் வேண்டாம், நீங்கள் வேண்டும் என்று தனகோட்டிக்கு இசைப்பிரியா செய்தி அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது: ‘சரி’. சொல்லுக்குப் பின் முற்றுப்புள்ளி இல்லை. நான் இடமாட்டேன், வாசகர் இட்டுக்கொள்ளலாம்.