ரெத்தினதாஸின் ஆளுயரப் படம்

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தலைவர்களுக்கு வைத்திருந்த கட்அவுட்டுகளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ரெத்தினதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எங்கள் அமரவிளைக் கட்சிக்காரர். தொண்ணூற்றைந்தாம் வருஷப் பஞ்சாயத்து எலெக்‌ஷனில் எப்படியாவது ஈசாக்கை முந்திக்கொண்டு சீட் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு உயிர். சீட் கிடைக்கும் முன்பே அந்தப் பக்கத்து ஆர்டிஸ்ட் ஒருவரைப் பிடித்து, பலகையில் தன்னை ஆளுயரத்துக்கு வரையச் சொன்னார். ஒன்றல்ல, ஒரு வண்டி நிறைய.

"கண்ணுல கொஞ்சம் வீரம் வேணும்" என்றாராம். அந்த ஆளும் வஞ்சகமில்லாமல் அள்ளி அப்பியிருந்தான். கண் இரண்டும் தெறித்து விழப் பார்த்தன, மீசை காது வரை போயிருந்தது. "நான் அப்படியே இருக்கேன்" என்றார் ரெத்தினதாஸ். நமக்கெதற்கு வம்பு என்று நாங்களும் தலையாட்டினோம்.

ரோட்டோரம் வீடு கட்டிக்கொண்டிருந்த சத்தியபாய் ஒருநாள் வந்தாள்.

"அண்ணா, ஒரு படம் தருவியளா? வீட்டு முன்னால நிறுத்தணும்."

"எடுத்துட்டுப் போ மக்கா" என்று அவரே தூக்கிக் கொடுத்தார். அடுத்தடுத்து ஆட்கள் வந்து கேட்டார்கள். வண்டி காலியாயிற்று. கேட்டவர்கள் எல்லாருமே வீடு கட்டுகிறவர்கள் என்பது மட்டும் அந்த மனுஷன் மண்டையில் ஏறவில்லை.

சீட் முடிவு செய்யும் கட்சிச் செயலாளர் சதானந்தனைக் கையோடு கூட்டிவந்தார். "பாருங்க சாரே, சனங்க என்னைச் சொந்த வீட்டுல வச்சிருக்கு."

சத்தியபாய் வீட்டில் பாதி எழும்பிய சுவரின் முன்னால் பலகை ரெத்தினதாஸ் முறைத்துக்கொண்டு நின்றார். சதானந்தன் சத்தியபாயிடம், "இது எதுக்காக்கும்?" என்றார்.

"கண்ணேறு படப்பிடாதுல்லா சாரே. வைக்கோல் பொம்மை வச்சோம், மழையில அழுகிப்போச்சு. இவிய படம் வச்ச பிறகு ஒருத்தனும் வீட்டை ஏறிட்டுப் பாக்கல்ல."

ரெத்தினதாஸின் முகம் செத்துப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது.

சதானந்தன் படத்தை மேலும் கீழும் பார்த்தார். "சீட் ஈசாக்குக்காக்கும்" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "நெய்யாற்றின்கரையில நானும் ஒரு வீடு கட்டுதேன். இதுல ஒண்ணு மிச்சம் உண்டா?"

ரெத்தினதாஸ் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்க வீட்டுல ஒண்ணு உண்டு சாரே. உள்ளதுல பெரிசு. ரோட்டைப் பாத்து வையுங்க, போறவிய வாறவிய எல்லாரும் பாக்கட்டு."